மார்கழியில் ஒரு ஸ்லைடு

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுக்கமான மாடிப்படி. ஏறினால் ஒரு சின்ன லேப். அங்கே ரத்தம் எடுப்பது, பரிசோதிப்பது, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் ஒரே பெண்மணி. அந்த வட்டாரத்தில் குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அவர் ‘லேப் அக்கா’. 2006 டிசம்பரில் அவருக்கு முப்பத்தோரு வயது. லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அது சிக்குன்குனியா ஆண்டு. தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு ஒருவராவது மூட்டைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த காலம். லேபின் பதினெட்டுப் படிகளை ஏற முடியாதவர்களுக்காக அக்காவே ஊசியும் டியூபும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருவார். மருந்துக்கடை பெஞ்சில் உட்கார வைத்து ரத்தம் எடுப்பார். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் குனியா, உடம்பில் தடிப்பு என்றாலும் குனியா. கேட்பவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், சொல்பவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

டிசம்பர் 23, சனிக்கிழமை காலை ஒரு தாய் தன் மகனைக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தார். வீடு திருமுல்லைவாயல். பையனுக்குப் பதினெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் அப்ரண்டிஸ். தினமும் லோக்கல் ட்ரெயினில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பவன். சாயங்காலம் கபடி. ஏரியா டீமில் ரெய்டு போவது அவன்தான். தோளும் தொடையும் பார்த்தாலே தெரியும். அந்தப் பையன் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“பதினொரு நாளா காய்ச்சல் விடல அக்கா. எச்சில்கூட முழுங்க முடியல. இப்ப உடம்பெல்லாம் இப்படி ஆயிடுச்சு,” என்று அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினார் தாய். மார்பிலும் முதுகிலும் செக்கச் செவேலென்று தடிப்பு. அம்மை வார்த்தது போல. வேப்பிலை வைக்கலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இன்னொருவர் குனியா என்றிருக்கிறார். கழுத்தைத் தொட்டுப் பார்த்த ஓர் உறவினர், “டி.பி. கட்டி மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு தாய் இரண்டு இரவு தூங்கவில்லை.

நடந்தது இதுதான். 12ஆம் தேதி உடம்பு வலியோடு காய்ச்சல் தொடங்கியது. மூன்றாம் நாள் தொண்டை அடைத்துக்கொண்டது. போன இடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, டான்சிலில் சீழ் என்று அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தார்கள். வைடால் பரிசோதனையில் 1:80 என்று வந்ததால் டைபாய்டும் இருக்கலாம் என்றார்கள். டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் நம் ஊரில் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கே அந்த அளவு காட்டும் என்பது லேபில் இருக்கிற எவருக்கும் தெரியும். மாத்திரை ஏழு நாள் போனது. காய்ச்சல் குறையவில்லை, தடிப்புதான் வந்தது.

இப்போது பார்க்கும் குடும்ப டாக்டர் சீட்டில் மூன்றே வரி எழுதியிருந்தார்: ரத்த அணுக்கள் எண்ணிக்கை, பிளேட்லெட், கல்லீரல் பரிசோதனை.

ரத்தம் எடுக்கும்போதே அக்கா அவன் கழுத்தைக் கவனித்தார். காதுக்குக் கீழே தொடங்கி, பின்கழுத்துத் தசையோரம் வரை இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. பெரியது நெல்லிக்காய் அளவு. சாதாரணத் தொண்டைப் புண்ணில் தாடைக்குக் கீழே முன்பக்கம்தான் நெறி கட்டும். பின்கழுத்து வரை போனது அவருக்குப் புதிதாக இருந்தது.

மிஷின் கக்கிய காகிதத்தில் வெள்ளையணு 15,800. அதில் லிம்போசைட் 68 சதவீதம். நடுத்தர அளவு அணுக்களின் கட்டத்திலும் வழக்கத்தைவிட அதிகம். பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த மிஷினுக்கு அணுவின் அளவு மட்டுமே தெரியும், முகம் தெரியாது. அளவில் சேராதவற்றை ஏதோ ஒரு கட்டத்தில் போட்டுவிட்டு நட்சத்திரம் குத்திவிடும். அன்று டோக்கன் வரிசையில் இன்னும் இருபது பேர். ஸ்லைடில் ரத்தத்தைப் பரப்பிப் பார்க்கும் ஸ்மியரை டாக்டர் சீட்டில் கேட்கவும் இல்லை. எண்களை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. அக்கா ஒரு சுத்தமான ஸ்லைடை எடுத்தார்.

ஸ்லைடின் ஓரத்தில் ஒரு துளி ரத்தம். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, துளியைத் தொட்டு, அது விளிம்பு முழுக்கப் பரவியதும் ஒரே வீச்சில் முன்னால் தள்ள வேண்டும். கை தயங்கினால் வரிவரியாக விழும். சரியாக வந்தால் நாக்கு வடிவில் பரவி, நுனியில் இறகு போல மெலிந்து முடியும். அந்த இறகுக்குச் சற்று முன்னால்தான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் படுத்திருக்கும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம். இரண்டு நிமிடம் கழித்து அதன்மேல் இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர். ஊதிக் கலக்கிவிட்டுக் காத்திருந்தால் மேலே எண்ணெய்ப் படலம் போல ஒரு மினுமினுப்பு படரும். கழுவி, நிமிர்த்தி வைத்து உலர்த்தி, ஒரு சொட்டு இமர்ஷன் ஆயில் விட்டு, நூறு மடங்கு லென்ஸை இறக்கினார்.

முதலில் கண்ணில் பட்ட அணுவைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றைப் பிசைந்தது.

சாதாரண லிம்போசைட் கறுப்பு உளுந்து போலச் சின்னது. கரு முழுக்க நிறைந்து, ஓரத்தில் மட்டும் ஒரு கோடு நீலம் தெரியும். இங்கே இருந்தது அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. வெளிர்நீல உடம்பு பரந்து கிடந்தது. கருவில் தளர்ந்த நெய்தல், ஒன்றிரண்டில் கருவுக்குள் சிறு புள்ளியும் தெரிந்தது. அடுத்த பார்வையில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. ரத்தப் புற்றுநோயில் வரும் பிளாஸ்ட் என்ற அணுவை அவர் படிக்கும் காலத்தில் பார்த்திருக்கிறார். வெளியே பெஞ்சில் தாய், ஃபிளாஸ்கிலிருந்து மகனுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். “ரிப்போர்ட் சாயங்காலம் தர்றேன்மா, வீட்டுக்குப் போய்ப் படுக்க வைங்க,” என்று மட்டும் அக்கா சொன்னார். குரல் மாறாமல் பார்த்துக்கொண்டார்.

லேபுக்கு வாரம் மூன்று நாள் வந்துபோகும் நோய்க்கூறு மருத்துவர் ஒருவர் உண்டு. அறுபதைத் தாண்டியவர், அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். போன் போட்டதும், “நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாதம்மா,” என்றார். வந்து சேர இரவு எட்டரை ஆகிவிட்டது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தார்.

“பிளாஸ்டா சார்?”

அவர் பதில் சொல்லவில்லை. ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து அக்காவை உட்கார வைத்தார். “ஒரு அணுவைப் பார்த்து முடிவு பண்ணாத. பக்கத்து அணுவைப் பாரு. அதுக்குப் பக்கத்துல பாரு. எல்லாம் ஒரே சாயலா இருக்கா?”

அக்கா பார்த்தார். ஒன்று வட்டம். ஒன்று நீளம். ஒன்றின் கரு அவரைவிதை போல வளைந்திருந்தது, இன்னொன்றில் கரு ஓரம் ஒதுங்கியிருந்தது. நீலமும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு அடர்த்தி. சிவப்பணுவை உரசிக்கொண்டிருந்த இடத்தில் அணுவின் விளிம்பு அதை அணைத்தாற்போல் வளைந்து, அந்த ஓரம் மட்டும் சாயத்தில் முக்கிய புடவைக் கரை போல அடர்நீலமாகத் தெரிந்தது.

“லுகேமியான்னா ஒரே அச்சுல வார்த்த மாதிரி வரிசையா இருக்கும். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூஞ்சி. ஹீமோகுளோபின் எவ்வளவு?” 13.2 என்றார் அக்கா. “பிளேட்லெட்?” ஒரு லட்சத்து நாற்பதாயிரம். “பாரு, மத்த ரெண்டும் பெருசா விழல. பையனுக்குத் தொண்டைப் புண், பின்கழுத்துல நெறி, பதினெட்டு வயசு. இது மோனோ.”

தொற்று மோனோநியூக்ளியோசிஸ். புத்தகத்தில் அரைப் பக்கமும் ஒரு வண்ணப் படமுமாக மட்டுமே அக்கா அறிந்திருந்த பெயர்.

அவர் அன்று பயந்த பயம் மருத்துவ உலகமே ஒருகாலத்தில் பயந்ததுதான். 1889இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் ஃபைஃபர் இதைச் சுரப்பிக் காய்ச்சல் என்று எழுதினார். 1920இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஸ்ப்ரண்ட், எவன்ஸ் இருவரும் ஆறு இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். ஆறு பேர் ரத்தத்திலும் கடுமையான லுகேமியாவை நினைவூட்டும் அணுக்கள். ஆனால் ஆறு பேரும் தாமாகவே தேறி எழுந்தார்கள். இன்று நாம் சொல்லும் பெயர் அந்தக் கட்டுரையிலிருந்துதான் வந்தது. 1923இல் டௌனி, மெக்கின்லே என்ற இருவர் அந்த விநோத அணுக்களை வகை பிரித்து வரைந்து காட்டினார்கள். லேப்களில் அவற்றுக்கு இன்றைக்கும் ‘டௌனி செல்’ என்றே பெயர்.

காரணம் என்ன என்பது மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றி டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் 1961இல் லண்டனில் உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஆண்டனி எப்ஸ்டீன். உகாண்டாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் துணுக்குகளை அவரும் பெர்ட் அச்சோங், இவோன் பார் இருவரும் ஆராய்ந்து, 1964இல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். எப்ஸ்டீன்–பார் வைரஸ். அதற்கும் மோனோவுக்கும் உறவு உண்டென்று அப்போது யாரும் நினைக்கவில்லை. பிலடெல்பியாவில் வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் பெண்ணின் ரத்தத்தில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் கிடையாது. 1967இல் அவருக்கே மோனோ வந்தது. தேறிய பிறகு எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. 1968இல் அது கட்டுரையாக வெளிவந்து முடிச்சு அவிழ்ந்தது. பின்னாளில் இதைப் படித்தபோது லேப் அக்கா இரண்டு முறை திரும்பப் படித்தார். விடை ஒரு டெக்னீஷியனின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் இருந்திருக்கிறது.

அந்த இரவு சார் இன்னொன்றும் சொன்னார். தான் எம்.டி. படித்த காலத்தில் இந்த நோய்க்குப் பரிசோதனை செய்ய ஆட்டு ரத்தம் வேண்டும் என்றார். 1932இல் பால், பன்னல் இருவரும் கண்டறிந்த முறை அது. நோயாளியின் சீரம் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரள வைக்கும். டியூப் அடியில் மணல் போலக் கட்டி விழுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தது நினைவிருக்கிறது என்றார். இதன் வாரிசான துரித கிட் இப்போது உண்டு. முதல் வாரத்தில் நான்கில் ஒருவருக்கு அது நோய் இல்லை என்று பொய்யாகக் காட்டிவிடலாம். சின்னக் குழந்தைகளிடம் இன்னும் மோசம். அதனால் நகரத்துப் பெரிய லேப் ஒன்றுக்கு வைரஸின் புரத உறைக்கு எதிரான ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் பார்க்க மாதிரி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் பாசிட்டிவ் என்று வந்தது. கல்லீரல் நொதி எஸ்.ஜி.பி.டி. 40க்குள் இருக்க வேண்டியது 180. இதைக் கேட்டால் யாராவது கீழாநெல்லியோடு வருவார்கள் என்பதால், மஞ்சள்காமாலை அல்ல, இதே வைரஸ் கல்லீரலையும் தொட்டிருக்கிறது, தானே இறங்கும் என்று குடும்ப டாக்டர் அந்தத் தாய்க்கு முதலிலேயே விளக்கிவிட்டார்.

தடிப்புக்கும் காரணம் தெரிந்தது. மோனோ இருக்கும்போது ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்து போனால் பலருக்கு இப்படி உடம்பெல்லாம் சிவந்து வெடிக்கும். 1960களின் குறிப்புகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் என்றன. அண்மைய ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுக்கத் தொடரும் பென்சிலின் ஒவ்வாமை இல்லை. பையனின் நோட்டில் யாரோ ‘பென்சிலின் அலர்ஜி’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். குடும்ப டாக்டர் அதன் பக்கத்தில் ‘மோனோ காய்ச்சலின்போது வந்தது, பிறகு பரிசோதித்து முடிவு செய்க’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

வைத்தியம் என்று பார்த்தால், நிறுத்தியதுதான் அதிகம். அமாக்சிசிலின் நின்றது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. உடனே எழுந்து நடக்க ஸ்டீராய்டு ஊசி போடலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டதற்கு, டான்சில் வீங்கி மூச்சுப்பாதையை அடைத்தால்தான் அதைத் தொடுவேன் என்றார் டாக்டர். தொண்டையில் படிந்திருந்த வெள்ளைப் படலம் டிப்தீரியாவாக இருந்துவிடக் கூடாதே என்று டார்ச் அடித்து மறுபடி பார்த்து, துடைத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார். மிச்சம் எல்லாம் வீட்டில் செய்வது. நேரம் தவறாமல் பாரசிட்டமால், இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு, கஞ்சி, இளநீர், தூக்கம். விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்கும் நேரத்தில்தான் அவனுக்குக் கண்ணசரும் என்று தாய் வந்து சொல்வார். மார்கழி பாதியில் காய்ச்சல் விட்டது. சோர்வு விடவில்லை. குளித்துவிட்டு வந்தாலே படுத்துக்கொள்வான்.

‘எப்படி வந்தது?’ என்ற கேள்விக்கு டாக்டர் வார்த்தையை எடை போட்டுப் பேசினார். மேல்நாட்டில் இதற்கு முத்த நோய் என்று பட்டப்பெயர் உண்டு. 1955இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஹோக்லண்ட், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களைக் கவனித்து எழுதியதிலிருந்து பரவிய பெயர். அதைத் திருமுல்லைவாயல் தெருவில் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் பையன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அவர் “எச்சில் மூலமா வர்ற வைரஸ்” என்று மட்டும் சொன்னார். அதுதான் உண்மையும்கூட. உடம்பில் புகுந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே காய்ச்சல் காட்டும். கணக்குப் போட்டால் ஐப்பசிக் கடைசியில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு டோர்னமெண்டுக்கு டீமாகப் போன நாள்கள். ஒரே தண்ணீர் பாட்டில் ஏழு பேர் வாயில் சுற்றியது பையனுக்கே நினைவு வந்தது. அங்கேதான் என்று அறுதியிட முடியாது. இந்த வைரஸ் நலமாக இருப்பவர் எச்சிலிலும் அவ்வப்போது வந்துபோகும்.

எச்சில் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் கண்டிப்பு வேறு எங்கும் இருக்குமா தெரியாது. அண்ணாந்து குடி, பல் படாமல் குடி என்று அடித்துச் சொல்லி வளர்ப்பார்கள். அதே வீட்டில் பாட்டி தன் தட்டிலிருந்து பருப்புச் சோறு பிசைந்து, சூடு பதம் பார்க்க வாயில் வைத்துவிட்டுப் பேரனுக்கு ஊட்டுவார். கூட்டமாக வாழும் ஊர்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி போகும் முன்னரே இந்த வைரஸ் வந்து, சாதாரணச் சளியாகவோ அதுகூட இல்லாமலோ போய்விடும். உலகில் வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதைச் சுமந்தவர்களே. சின்ன வயதில் தப்பித்து, பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் அகப்படுபவரைத்தான் இது கட்டிலில் தள்ளும். நம்மூர் டாக்டர்கள் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், மலேரியா என்று வரிசையாக நினைத்துப் பார்க்கும்போது மோனோ கடைசியில் நிற்பதற்கு இதுதான் காரணம். குடும்பங்கள் சிறுத்துவரும் நகரங்களில் அந்த இடம் முன்னால் நகர வேண்டியிருக்கிறது. வந்த வைரஸ் உடம்பை விட்டுப் போவதும் இல்லை. பி லிம்போசைட்டுக்குள் ஆயுள் முழுக்க உறங்கும். வெகு சிலருக்கு, பிற காரணங்களும் சேரும்போது, புற்றுநோய்க்கு வழிவிடும். நாகாலாந்தில் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்று அதில் ஒன்று. 2022இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோய்க்கும் இதற்கும் வலுவான தொடர்பைக் கண்டார்கள். தடுப்பூசி இன்னும் கைக்கு வரவில்லை.

பையனுக்கு இந்தப் பெரிய கதை எதுவும் பொருட்டில்லை. அவனுக்குக் காணும் பொங்கல் மேட்ச்.

வீட்டில் நிஜமான சண்டை அங்கேதான் தொடங்கியது. மோனோவில் மண்ணீரல் வீங்கும். இடப்பக்க விலா எலும்புக்கடியில் பதுங்கியிருக்கும் உறுப்பு, வீங்கி வெளியே இறங்கும்போது ஓர் இடி தாங்காது. கிழிந்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு நேர்வதுதான், ஆனால் நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள். டிசம்பர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் 15 சென்டிமீட்டர் இருந்தது. ஜனவரி 10ஆம் தேதி மறுபடி எடுத்ததில் 13.5. இடப்பக்க வயிறு வலித்தாலோ, அடிபடாமல் இடது தோள் வலித்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவா என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கும் விளையாட்டுக்கு அவர் சம்மதிக்கவில்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பையன் லேபுக்கு வந்தான். “காய்ச்சல் இல்ல, தொண்ட வலி இல்ல, நெறியும் வத்திப் போச்சு. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்கக்கா.” அக்கா ஒன்றும் பேசாமல் அவனை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்து, அந்தச் சனிக்கிழமை ஸ்லைடை வைத்துக் காட்டினார். “இந்த நீலமா பெருசா இருக்கே, இது வைரஸ் இல்ல. வைரஸ் புகுந்த அணுவை அடிக்க உன் உடம்பு அனுப்பின ஆளுங்க. அவங்கதான் உன் கழுத்துல கூடினாங்க, மண்ணீரல்ல கூடினாங்க. இன்னும் கொஞ்ச பேர் அங்க இருக்காங்க. போகட்டும்.” அவன் வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தான்.

காணும் பொங்கலன்று அக்காவும் மைதானத்துக்குப் போனார். அவன் கோட்டுக்கு வெளியே ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். டீம் தோற்றது. டீமில் ஒவ்வொருவர் காலடியிலும் தனித்தனியாகப் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில் இருந்தது. மாசியில் எடுத்த ஸ்கேனில் மண்ணீரல் 11 சென்டிமீட்டர். பங்குனியில் அவன் ரெய்டு போனான்.

அந்த ஸ்லைடை அக்கா எறியவில்லை. பென்சிலால் ‘18, ஆண், 23.12.06’ என்று எழுதியது இன்னும் அழியவில்லை. நீலம் சற்று வெளுத்திருக்கிறது. லேபில் இப்போது வெள்ளையணுக்களை ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்லும் புது மிஷின் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு மரப்பெட்டியிலிருந்து அதை எடுத்து, எதுவும் சொல்லாமல் லென்ஸுக்கு அடியில் வைப்பார். போன வருடம் ஆவடியிலிருந்து வந்த ஒரு பெண், லென்ஸைத் திருகிய இரண்டாவது நிமிடமே வெளிறிப்போய் நிமிர்ந்தாள்.

“பிளாஸ்டாக்கா?”

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “பக்கத்து அணுவைப் பாரும்மா,” என்றார்.